என் உறையில் இருந்த முதுகு

போன வருடம் சித்திரை மாதத்தில், நீர்வேலியில் எங்கள் வீட்டில் தொடங்கிய கதை இது. யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் என் மனைவி ஏற்கெனவே ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள். மிச்சப் பேருக்கு நானே சரியாகச் சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. பிரதேச செயலகம் ஒன்றின் பதிவறைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கேட்ட கோவையை எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வந்ததும் அதே இடத்தில் வைப்பதும் என் வேலை. இருபத்தாறு வருடச் சேவையில் ஒரு கோவையையும் தவறவிட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். வீட்டிலும் அப்படித்தான். மின்சாரப் பட்டியல், மருந்துத் துண்டு, பசளை வாங்கிய துண்டு என்று எல்லாவற்றுக்கும் ஓர் உறை, ஒரு தலைப்பு. கலியாணம் கட்டிய நாளில் இருந்து ஒரு நாளும் விடாமல் நாட்குறிப்பு எழுதி வருகிறேன்.

மாசியில் ஒரு நாள், அலுவலகத்தில் பழைய காணிக் கோவைக் கட்டொன்றை மேல்தட்டில் இருந்து இறக்கும்போது நாரியில், இடுப்புக்குப் பின்னால், பளிச்சென்று ஒரு பிடிப்பு. அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு வலி, எங்கள் பேச்சில் நோ, போவதும் வருவதுமாக இருந்தது. ஆனாலும் வேலைக்குப் போனேன், காலையில் தோட்டத்துக்கும் போனேன். ஆஸ்பத்திரி கிளினிக்கில் பார்த்த வைத்தியர், "இப்ப ஸ்கான் ஒண்டும் தேவையில்லை, ஐயா. கொஞ்ச நாள் பாப்பம்" என்றுதான் சொன்னார். நான் விடவில்லை. "ஒரு பதிவு இருக்கட்டும், டொக்டர்" என்று கெஞ்சிக் கேட்டு எழுதுவித்தேன். இதை இங்கே சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன்.

ஸ்கான் எடுத்து, நான்கு நாள் கழித்துப் படத்தையும் அறிக்கையையும் வாங்கிக்கொண்டு வந்தபோது, சித்திரைக்குப் பழக்கமில்லாத ஒரு பெருமழை. நானும் நனைந்தேன், உறையும் நனைந்தது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பிக் காற்றாடியின் கீழே காயவிட்டு, புது உறைக்குள் போட்டு, தலைப்பு எழுதினேன். பிறகு தேநீர் குடித்துவிட்டு, உறையைத் திறந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறிக்கையை வாசித்தேன். அடுத்த கிளினிக் நாளுக்கு ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், இருந்தது. அதுவரை பொறுத்திருக்க என்னால் முடியாது.

ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழில் பொருள் எழுதினேன். 'சிதைவு.' 'வறட்சி.' 'பின்பக்கம் புடைத்து நிற்கிறது.' முள்ளந்தண்டின் அடியில் எலும்புகளுக்கு இடையிலான இரண்டு தட்டுகள் காய்ந்து தேய்ந்து போயிருந்தன. அவற்றில் ஒன்று நரம்புப் பக்கமாகத் தள்ளிக்கொண்டும் இருந்தது. நாட்குறிப்பில் அதை அப்படியே பிரதி செய்துவிட்டுக் கதிரையில் இருந்து எழும்பப் பார்த்தேன். எழும்ப முடியவில்லை. இதில் ஒரு எழுத்துக்கூட மிகையில்லை. காலையில் சைக்கிளில் போன நான், பின்னேரம் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கட்டிலுக்குப் போனேன்.

அன்று படுத்தவன்தான். மருத்துவ விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தேன். மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் படுத்தேன். நாட்குறிப்பில் சிவப்பு மையால் கட்டம் போட்டு, ஒரு நாளைக்கு ஆறு தடவை நோவுக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி வைத்தேன். குனியவில்லை, பாரம் தூக்கவில்லை, தும்மல் வந்தால்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் தும்மினேன். மனைவி நொச்சி இலை அவித்து ஒத்தடம் கொடுத்தாள். கால் நகம் வெட்டிவிட்டாள். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி இருத்தினாள், கிடத்தினாள். அவளுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.

"இண்டைக்கு எத்தினை மார்க்ஸ்?" என்று தினமும் கேட்பாள்.

"ஏழு."

"நேற்றும் ஏழு. நீங்கள் வகுப்பிலையும் உப்பிடித்தானோ, ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்திலை?"

எனக்குச் சிரிப்பு வராது. அறிக்கையை எடுத்து அவளுக்கு மறுபடியும் ஒவ்வொரு வரியாக வாசித்து, பொருளும் சொல்லுவேன். "உமக்கு இதின்ரை பாரதூரம் விளங்கேல்லை" என்பேன். அவள் ஒத்தடத் துணியைப் பிழிவாள்.

எங்களுக்கு ஆறு பரப்பு வாழைத் தோட்டம் இருக்கிறது. அவளுக்குச் சீதனமாக வந்த காணி. நான் அலுவலகம் போகுமுன் தண்ணீர் பாத்திக்குப் பாத்தி மாறி விடுவேன். மற்ற வேலை பெரும்பாலும் அவளுடையது. எந்த வாழை எப்போது குலை தள்ளியது என்று கேட்டால் நான் நாட்குறிப்பைப் பார்த்துத்தான் சொல்லுவேன், அவள் பார்க்காமலே சொல்லுவாள். படுத்து மூன்றாவது கிழமை நான் ஒரு முடிவெடுத்தேன். இந்த முதுகோடு இனித் தோட்டம் செய்ய முடியாது. பக்கத்துக் காணிக்காரர் நல்ல மனிதர், எங்களுக்கு அண்ணை முறை. அவருக்கே குத்தகைக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆள் விட்டுச் சொன்னேன். கிளினிக் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து பேசுவதாக அவரும் சொல்லியனுப்பினார்.

மனைவியிடம் சொன்னபோது அவள் வாழைத் தண்டு அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது. பிறகு மறுபடியும் அரியத் தொடங்கினாள்.

"உங்கடை உடம்பு சுகமானாக் காணும்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நாள் வழமையை விட ஒரு மணித்தியாலம் முந்தித் தோட்டத்துக்குப் போனாள்.

கிளினிக் நாள் புதன்கிழமை. பருத்தித்துறை பஸ்ஸில் இருந்த ஒரே இருக்கையில் நான் இருந்தேன். மனைவி படத்தையும் தண்ணீர்ப் போத்தலையும் எனக்கு முதுகுக்கு வைக்கும் தலையணையையும் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் வரை நின்றுகொண்டே வந்தாள்.

அன்று இருந்தவர் ஓர் இளம் பெண் வைத்தியர். நாட்குறிப்பைத்தான் முதலில் நீட்டினேன். சிவப்புக் கட்டங்களை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மரியாதையாக மூடி வைத்தார். படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினார். பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார்.

"ஐயா, உங்கடை வயசென்ன?"

"ஐம்பத்து நாலு, டொக்டர்."

அவர் படத்தின் கீழ்ப் பக்கத்தைப் பேனையால் தொட்டார். "இதிலை கர்ப்பப்பை தெரியுது."

எனக்கு விளங்கவில்லை. அதுவும் ஒரு வருத்தமாக்கும் என்று ஒரு கணம் பயந்தேன்.

"பெண் எண்டும் போட்டிருக்கு. வயசு நாப்பத்தொன்பது. இது ஆற்றை படம்?"

பின்னால் நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள். "அது என்ரையாக்கும். ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஸ்கூட்டியாலை விழுந்தனான். அப்ப எடுத்தது."

"அம்மாவுக்கு இப்ப நாரி நோ ஏதும் இருக்கோ?"

"எனக்கென்ன நோ. ஆறு கிழமையாய் இவரைத் தூக்கி இருத்திறன், கிடத்திறன். வாழைக்குலையை விட இவர் பாரம், டொக்டர்."

பக்கத்து மேசையில் மருந்து எழுதிக்கொண்டிருந்த இன்னொரு வைத்தியர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

எப்படி நடந்தது என்பதை அங்கே நின்றபடியே கண்டுபிடித்துவிட்டேன். மழை நாளில் படத்தைக் காயவிட்டபோது, கையோடு கையாக மனைவியின் பழைய படத்துக்கும் புது உறை போடுவோம் என்று அதையும் வெளியே எடுத்தேன். இருபாலைச் சந்தியில் நாய் குறுக்கே ஓடி அவள் விழுந்தபோது எடுத்த படம் அது. "முறிவு ஒண்டும் இல்லை, வீட்டை போங்கோ" என்று சொன்னபடியால் அறிக்கையை வாசிக்காமலே அடுக்கி வைத்திருந்தேன். என் தகப்பனாரின் பெயரும் மனைவியின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. என் பெயருக்கு முன்னால் தகப்பனாரின் எழுத்து. அவளுக்கோ கலியாணத்துக்குப் பிறகு தன் எழுத்தும் பின்னால் என் பெயரும். சுருக்கி எழுதினால் கணவனும் மனைவியும் ஒரே ஆள். கலியாணமான புதிதில் இது எங்களுக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது. இரண்டு படம், இரண்டு அறிக்கை, இரண்டு உறை. அறிக்கையின் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்தவன், மேலே இருந்த வயதையும் திகதியையும் பார்க்கவில்லை. என் வயது எனக்குத் தெரியும்தானே என்று இருந்துவிட்டேன் போலும்.

வைத்தியர் என்னைக் கட்டிலில் ஏற்றி, காலைத் தூக்கிப் பார்த்தார், முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார், குதிக்காலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார். எல்லாம் முடிய, எங்கள் இருவரையும் இருக்கச் சொல்லிவிட்டுப் பொறுமையாகப் பேசினார்.

"ஐயா, தட்டுக் காயிறது தலை நரைக்கிற மாதிரி. வயசோடை வாறது. நரைச்ச ஆக்கள் எல்லாருக்கும் தலையிடியே இருக்கு? சம்பந்தமே இல்லையெண்டு நான் சொல்லேல்லை. சிலருக்கு அந்தத் தட்டாலைதான் நோவும். ஆனா படத்தை மட்டும் வைச்சுக்கொண்டு ஆருக்கு நோகும், ஆருக்கு நோகாது எண்டு சொல்லேலாது. இந்தா, அம்மா முன்னாலை இருக்கிறா."

"அப்ப என்ரை நோ?" என்று கேட்டேன். குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"அது உண்மையான நோதான். ஆர் பொய்யெண்டது? ஆனா படுத்திருந்தா அது போகாது. நடவுங்கோ. வேலைக்குப் போங்கோ. கொஞ்சம் கொஞ்சமாய்த் தோட்டத்துக்கும் போங்கோ. கால் விறைச்சாலோ, பலம் குறைஞ்சாலோ, சலம் போறதிலை பிசகு வந்தாலோ மட்டும் மினைக்கெடாமல் உடனை வாங்கோ. அடுத்த முறை உங்கடை படத்தைக் கொண்டாங்கோ."

திரும்பி வரும்போதும் பஸ்ஸில் ஒரு இருக்கைதான் இருந்தது. "நீர் இரும்" என்றேன். "நீங்கள் இருங்கோ" என்றாள். "இல்லை, நீர்தான் இரும்." இப்படிக் கதைத்துக்கொண்டு நிற்கையில் ஓலைக் கடகப் பெட்டியோடு ஏறிய ஒரு அம்மா, "அப்ப ரெண்டு பேருக்கும் வேண்டாமாக்கும்" என்று சொல்லிவிட்டு அதில் இருந்துவிட்டார். கோப்பாய் வரை சிரித்துக்கொண்டு வந்தோம்.

கோப்பாய் தாண்டியதும் மனைவி சிரிப்பதை நிறுத்தினாள்.

"இஞ்சரப்பா, ரெண்டு தட்டெல்லோ?"

"ம்."

"ஒண்டு நரம்புப் பக்கம் தள்ளிக்கொண்டு வேறை நிக்குது."

அந்த அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் ஆறு கிழமையாக அவளுக்கு வாசித்துப் பாடமாக்கியவன் நான். பாரதூரம் விளங்கவில்லை என்று ஏசியவனும் நான். இப்போது அந்த வரிகள் எல்லாம் அவளுடையவை ஆகிவிட்டன.

வீட்டுக்கு வந்து என் உண்மையான அறிக்கையைத் தேடி எடுத்தேன். அவளுடையது ஒன்றரைப் பக்கம், என்னுடையது அரைப் பக்கம். வயதுக்கேற்ற சிறு மாற்றம் என்பதைத் தவிர அதில் பெரிதாக ஒன்றுமில்லை. நான் வெட்கப்பட்டேன். ஆனால் வெட்கப்பட நேரம் இருக்கவில்லை. அன்று பின்னேரம் கிணற்றடியில் வாளியைத் தூக்கப் போன மனைவி, குனிந்தபடியே ஒரு கணம் நின்றாள். பிறகு பாதித் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தூக்கினாள். இருபத்தேழு வருடத்தில் அவள் வாளித் தண்ணீரை ஊற்றி நான் கண்டதில்லை.

வியாழக்கிழமை தோட்டத்துக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு கையை நாரியில் வைத்துக்கொண்டு நடந்தாள். "பிடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள். குத்தகை பேச வரவேண்டாம் என்று பக்கத்துக் காணி அண்ணைக்குச் சொல்ல நான் புறப்பட்டபோது அவள்தான் தடுத்தாள்.

"வரட்டும் விடுங்கோ. குடுக்கிறதுதான் நல்லம் போலை. நாளைக்கு எனக்கொண்டு நடந்தா உங்களாலை என்னைத் தூக்கேலுமோ?"

டொக்டர் சொன்னதை எல்லாம் திரும்பச் சொன்னேன். நரையையும் தலையிடியையும் சொன்னேன். "அவ சொல்லுவா" என்றாள். அவளுக்கு அறிக்கையைப் பெரிதாக்கிக் காட்டிய அதே வாய்தான் இப்போது சிறிதாக்கிக் காட்டுகிறது. அவள் எதை நம்புவாள்?

சனிக்கிழமை பின்னேரம் அவள் தேநீரோடு விறாந்தையில் வந்து இருந்தபோது, அவள் ஸ்கூட்டியால் விழுந்த நாளில் இருந்து எழுதிய நாட்குறிப்புகளை எடுத்துக்கொண்டு வந்தேன். நான் வாசிக்கத் தொடங்கினேன். இன்ன நாள் குலை வெட்டு, நான் இரண்டு, அவள் ஐந்து. இன்ன நாள் நல்லூர்த் தேர், நடந்து போய் நடந்து வந்தோம், எனக்குக் கால் நோ, அவளுக்கு ஒன்றுமில்லை. இன்ன நாள் புதுக் கன்று நட்டது, அவள் கிடங்கு வெட்டினாள், வெட்டிய குலை எட்டு.

"எட்டில்லை, ஒன்பது. ஒண்டு கோயிலுக்குக் குடுத்தது."

திருத்தினேன். மேலும் வாசித்தேன். "இதெல்லாம் இந்தப் படம் எடுத்ததுக்குப் பிறகு" என்றேன். "அந்தத் தட்டோடைதான்."

அவள் தேநீர்க் கோப்பையைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, "உந்த ஆறு கிழமையையும் வாசியுங்கோ" என்றாள்.

சிவப்புக் கட்டப் பக்கங்களைப் புரட்டினேன். காலை ஆறு மணி, ஏழு. ஒன்பது மணி, ஏழு. பன்னிரண்டு மணி, ஆறரை. அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். நாற்பத்திரண்டு நாள். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"நான் எங்கையப்பா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. பக்கத்தில் எங்கோ இருக்கும் பொருளைத் தேடுகிறவள் போலத்தான் கேட்டாள். அவளைப் பற்றி ஒரு வரி இருக்கவில்லை. ஒத்தடம் இல்லை, கால் நகம் இல்லை, யார் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டது என்றும் இல்லை. இருபத்தேழு வருட நாட்குறிப்பில் அவள் இல்லாத ஒரு கிழமைகூட அதற்கு முன் இருந்ததில்லை.

பேனையை எடுத்தேன். "சொல்லும், நான் எழுதிறன்."

"இப்ப எழுதி என்ன?"

"சொல்லும்."

முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பிறகு நாள் நாளாகச் சொன்னாள். மூன்று நாளைக்கு ஒரு தடவை ஆறு பரப்புக்கும் தண்ணீர் மாறியது. சோளகக் காற்றுத் தொடங்கிய அன்று, குலை தள்ளிய முப்பத்தெட்டு வாழைக்கும் தனியாக முட்டுக் கொடுத்தது. பசளை மூட்டையைக் கேற்றில் இருந்து உள்ளே இழுத்தது. என்னைக் கட்டிலில் இருந்து எழுப்பியது, நாளைக்கு எத்தனை தடவை என்று அவளுக்கே கணக்கில்லை. நான் சிவப்புக் கோடுகளுக்கு இடையில் நீல மையால் எழுதிக்கொண்டே வந்தேன். இடையில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அண்டைக்குத் தும்மிப்போட்டு நீங்கள் அழுததையும் எழுதுங்கோ" என்றாள். எழுதினேன். விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவள் நாட்குறிப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு நாளும் நோகேல்லை" என்றாள். என்னிடம் அல்ல, தனக்குத்தானே. நாரியில் வைத்திருந்த கை எப்போது மடிக்கு வந்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஆறே முக்காலுக்கு வந்தார். அதற்குள் நாங்கள் தோட்டத்தில் நின்றோம். ஆறு கிழமைக்குப் பிறகு நான் அங்கே போன முதல் நாள் அது. மனைவி ஒரு குலையை வெட்டிச் சாய்த்தாள். தூக்குவதற்கு முன் ஒரு கணம் நின்றாள். "கவனம்" என்ற சொல் என் வாயில் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டேன். அவள் முழங்காலை மடித்து, குலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வரம்பால் நடந்து வந்தாள்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ, காணி குடுக்கேல்லை" என்றாள் அவரிடம். "வெறுங்கையோடை போகாதேங்கோ. இந்தக் குலையைக் கொண்டு போங்கோ."

நான் அடுத்த குலையைத் தூக்கக் குனிந்தேன். நாரி பிடித்தது. ஆனாலும் குனிய முடிந்தது.

"அதை விடுங்கோ, உங்களுக்கு அந்தச் சின்னது" என்றாள் மனைவி. "கர்ப்பப்பை உள்ளவை கனக்கத் தூக்கப்படாது."

அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அங்கேயே நின்று முழுக் கதையையும் அவருக்குச் சொன்னாள். ஊரில் முதலில் கேட்டவர் அவர்தான்.

அன்றோடு என் நோ பறந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். சரியாக ஐந்தாவது கிழமைதான் பிடிப்பு இல்லாமல் காலையில் எழுந்தேன். இப்போதும் சில நாட்களில் வருகிறது, கொஞ்சம் நடந்தால் போகிறது. மனைவிக்கு அதன் பிறகு வரவில்லை. நாளைக்கு வராது என்று யாராலும் எழுதித் தர முடியாது என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். தேய்ந்தது எது என்று படம் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் அந்த முதுகு அன்றைக்கு எதைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பது பக்கத்தில் நின்று பார்க்கிறவனுக்குத்தான் தெரியும் என்பதை, பலகையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த அந்த ஆறு கிழமையை நினைக்கும் ஒவ்வொரு முறையும் உணர்கிறேன்.